கடைசி வரி சரி, நிறுவல் எங்கே?

கடந்த தவணைப் பரீட்சையில் இணைந்த கணித வினாவொன்று "எனக் காட்டுக" என்று முடிந்தது. காட்ட வேண்டிய முடிவு வினாவிலேயே இருந்தது. நான் முதல் நான்கு வரிகளை எழுதி, இடையில் இரண்டு படிகளைத் தாண்டி, கடைசி வரியாக அந்த முடிவை எழுதிவிட்டேன். புள்ளி வெட்டப்பட்டது. விடைத்தாளைப் பார்த்த வாப்பா, "கடைசி வரி சரிதானே மகள், பிறகு ஏன் புள்ளியைக் குறைத்தார்கள்?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41 ஐயும் கூட்டுங்கள். 1 எடுத்தால் 43, 2 எடுத்தால் 47, 3 எடுத்தால் 53. எல்லாம் முதன்மை எண்கள். 39 வரை இப்படியே வரும். ஆனால் 40 எடுத்தால் 1681 வருகிறது. அது 41 ஐ 41 ஆல் பெருக்கி வருவது; முதன்மை எண் அல்ல. எத்தனை உதாரணங்கள் சரிவந்தாலும் அவை நிறுவல் ஆகா.

மேதைகளுக்கும் இதே விதிதான். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், ஏறத்தாழ எமது வயதில், ஜோர்ஜ் கார் என்பவரின் கணித நூலைப் படித்தார். கார் பரீட்சைக்கு மாணவரைத் தயார்செய்த தனியார் வகுப்பு ஆசிரியர். அந்நூலில் சுமார் 5000 முடிவுகள் இருந்தன; நிறுவல்களோ மிகச் சொற்பம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் முடிந்து நாம் கொண்டுவரும் 'சோர்ட் நோட்ஸ்' போன்றதுதான். இராமானுஜனுக்கும் அந்தப் பழக்கமே வந்தது. கடதாசிக்கு வசதியில்லாததால் சிலேற்றில் செய்து அழித்துவிட்டு, முடிவை மட்டும் கொப்பியில் எழுதினார்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த அவர், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்தார், ஆனாலும் நிறுவல்களைக் கேட்டார். கேட்டது நியாயமே. முதன்மை எண்கள் பற்றி இராமானுஜன் சொன்னவற்றில் சில பிழையானவை.

1914 இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். எல்லாவற்றையும் ஒழுங்குமுறையாகப் படி என்று ஹார்டி அவரை நெருக்கவில்லை. நெருக்கினால் அவரது தன்னம்பிக்கை உடைந்துவிடும் என அஞ்சினார். தேவையானதை மட்டும் கற்பித்தார். தாம் அவரிடம் கற்றதே அதிகம் என்றும் சொன்னார். 1918 இல் இராமானுஜன் றோயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்ட ஒழுங்குகள் சில. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். நிறுவ வேண்டியதையே காரணமாக எடுக்கக் கூடாது. "டீச்சர் சொன்னார்", "புத்தகத்தில் இருக்கிறது" என்பவை காரணங்கள் அல்ல. வகுப்பில் மிகவும் பின்தங்கிய மாணவியும் "ஏன்?" என்று கேட்கலாம், டீச்சரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்பவளைச் சிரிக்காமல் இருப்பது எங்கள் கடமை.

வாப்பாவுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நான் தாண்டிய அந்த இரண்டு படிகளும் எனக்குத் தெரியாத படிகள். தெரிந்ததுபோல் காட்டினேன். புள்ளியை வெட்டியது சரிதான் வாப்பா.