ஏழு வானங்களும் காற்று மண்டல அடுக்குகளும்

திருக்குர்ஆன் கூறும் ஏழு வானங்கள், காற்று மண்டலத்தின் ஏழு அடுக்குகளே என்று மேடைகளில் சிலர் முழங்கக் கேட்டிருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளின் பாடநூலோ ஐந்து அடுக்குகளையே காட்டுகிறது. அவர்கள் எதை நம்புவார்கள்?

அந்த ஐந்தையும் முதலில் அறிந்துகொள்வோம். நாம் சுவாசிக்கும் கீழ் அடுக்கு, துருவங்களில் சுமார் 8 கி.மீ., நிலநடுக்கோட்டில் சுமார் 17 கி.மீ. உயரமுடையது; மேகமும் மழையும் இங்கேதான். அதன்மேல் சுமார் 50 கி.மீ. வரை மீள் அடுக்கு. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் பெரும்பாலும் இதில்தான் உள்ளது. சுமார் 85 கி.மீ. வரையுள்ள இடை அடுக்கில் விண்கற்கள் பெரும்பாலும் எரிந்தழிகின்றன. வெப்ப அடுக்கு சுமார் 600 கி.மீ. வரை செல்கிறது. இறுதியான வெளி அடுக்கு மெல்ல மெல்ல விண்வெளியில் கரைந்துவிடுகிறது. இவையெல்லாம், பெரும்பாலும் வெப்பநிலை மாற்றத்தை வைத்து மனிதன் வகுத்துக்கொண்ட பிரிவுகளே.

திருமறையோ, அல்முல்க் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில், நமக்கு நெருங்கிய வானமே விளக்குகளால் அலங்கரிக்கப்பட்டிருப்பதாகக் கூறுகிறது. அவ்விளக்குகள் விண்மீன்களே என்பது விரிவுரையாளர்களின் விளக்கம். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான சூரியனே சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது! ஆகவே, காற்றின் ஐந்து அடுக்குகளும் முதல் வானத்தின் விளக்குகளுக்கு வெகு கீழேயே அடங்கிவிடுகின்றன.

ஏழு வானங்களின் உண்மை நிலையை அல்லாஹ்வே நன்கறிவான். இறைவசனத்துக்கு நம்முடைய கணக்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் ஐந்தை ஐந்தென்றே சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதால் ஈமான் குறைந்துவிடாது.