சந்தைப் பங்கும் ஆதாயமும்

ஒரு கம்பனியிற் பணம் முதலிட விழைவோர் முதற்கண் வினவுவது, "அது எவ்வளவு விற்கின்றது?" என்பதேயாம். ஓராண்டில் விற்பனையான நூறு கணினிகளுள் இருபது ஒரு கம்பனியுடையனவாயின், அதன் சந்தைப் பங்கு நூற்றுக்கு இருபது வீதமாகும். இப்பங்கு பெருகப் பெருக ஆதாயமும் பெருகும் என்பது பலர் துணிபு. அத்துணிபு எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதைத் தனியாள் கணினி ஆக்குவோர் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1981 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஐ. பி. எம். கம்பனி தன் தனியாள் கணினியை வெளியிட்டது. விரைந்து முடிக்கக் கருதிய அக்கம்பனி, கணினியின் மூளையாகிய நுண்செயலியை இன்ரெல்லிடமும், அதனை இயக்கும் முறைமையை மைக்கிரோசொப்டிடமும் பெற்றது. அவ்விருவரும் பிறர்க்கும் விற்கத் தடையின்மையால், கொம்பாக் முதலிய கம்பனிகள் ஒத்த கணினிகளை ஆக்கலாயின. பொருள் ஒரு தன்மைத்தாகவே, போட்டி பெரும்பாலும் விலைமேல் நின்றது. 1984 இல் மைக்கேல் டெல் தொடங்கிய கம்பனியோ, கடைக்காரரை விடுத்து, வாங்குவோர் கேட்டபின்னரே கணினியைப் பூட்டி அனுப்பியது. சரக்குத் தேங்காமையின் செலவு குறைந்தது. 1994 இல் உலகில் முதலிடம் எய்திய கொம்பாக், 2001 இல் அவ்விடத்தை டெல்லிடம் இழந்தது.

அவ்வாண்டு செப்ரெம்பரில் ஹியூலெற் பக்காட் கம்பனி, ஏறக்குறைய 2,500 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்துக் கொம்பாக்கைத் தன்னோடு இணைக்கப்போவதாக அறிவித்தது. 15,000 பேர் வேலையிழப்பர் என்பதும் உடன் வெளிவந்தது. இதுபற்றி முதலிட்டோரிடையே பெரும் வாதம் மூண்டது.

கம்பனித் தலைவி கார்லி பியொரினா, பெருந்தொகையாக வாங்குவோர்க்கு உறுப்புக்கள் மலிவாகக் கிடைக்கும் என்றும், பருத்தாலன்றிப் போட்டியில் நிலைக்கவியலாது என்றும் வாதித்தார். கம்பனியை நிறுவிய இருவருள் ஒருவரின் மைந்தரும் இயக்குநருமான வால்ரர் ஹியூலெற் இதனை மறுத்தார். அச்சுப்பொறி விற்பனையே கம்பனிக்கு நல்லாதாயம் தருவது. ஆதாயம் குறைந்த கணினி வணிகத்தைப் பெருக்குதல் அதன் பயனைக் குறைப்பதாகும் என்பது அவர் கருத்து. 2002 மார்ச் 19 ஆம் நாள் பங்காளர் வாக்களித்தனர். சார்பாக நூற்றுக்கு 51.4 வீதமும், எதிராக 48.6 வீதமும் விழுந்தன. மே மாதத்தில் இணைப்பு நிறைவேறியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2006 இல் ஹியூலெற் பக்காட் முதலிடம் எய்தியது உண்மையே. ஆயினும் 2011 இல் அதே கம்பனி தன் கணினிப் பகுதியைப் பிரித்துவிட எண்ணி, சில வாரங்களில் அவ்வெண்ணத்தைக் கைவிட்டது. 2005 இல் ஐ. பி. எம்மின் கணினி வணிகத்தை வாங்கிய சீனத்து லெனோவோ, 2013 இல் முதலிடத்தைப் பற்றிக்கொண்டது. வென்றவர் நாடிய முதலிடம் நிலைக்கவில்லை. தோற்றவர் அஞ்சிய அழிவும் நேரவில்லை.

முதலிடம் கைமாறிக்கொண்டேயிருந்த அக்காலமெங்கும், யாவர்க்கும் நுண்செயலியும் இயக்கு முறைமையும் விற்ற இருவரே பேராதாயம் ஈட்டினர். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் முதுமொழி கணினி ஆக்குவோர்க்கும் ஏற்புடைத்து. மாறாக, 1997 இல் தன் முறைமையைப் பிறர்க்களிப்பதை நிறுத்திய அப்பிள், சிறு பங்குடனேயே பின்னர் நல்லாதாயம் கண்டது.

ஆதலின், வணிகமும் பொருளியலும் கற்கும் மாணவர் எவ்வளவு விற்கப்பட்டது என்பதோடு அமைதல் கூடாது. விற்றதில் எவ்வளவு மிஞ்சிற்று, மிஞ்சியது யார் கைக்குச் சென்றது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவ்விரண்டையும் வினவாத முதலீடு, நெற்போரின் உயரம் கண்டு விளைச்சலை மதிப்பது போலாகும்.