பஸ்ஸுக்குள் மூட்டை ஏற்றலாமா?



திசையன்விளையிலிருந்து திருநெல்வேலி போகும் காலை பஸ்ஸில் அடிக்கடி இந்தச் சண்டையைப் பார்ப்பேன். ஒருவர் முருங்கைக்காய் மூட்டையை ஏற்றுவார். “ஆளு நிக்கவே எடமில்ல, மூட்டை எதுக்குவே?” என்பார் இன்னொருவர். “லக்கேஜுக்குத் துட்டு குடுத்திருக்கேம்லா!” என்று பதில் வரும்.

பிட்காயினிலும் இதே சண்டைதான். பிட்காயின் என்பது ஒரு பொதுப் பேரேடு. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் அதில் சேரும். பிளாக்தான் பஸ், அதைக் கட்டும் மைனர்தான் கண்டக்டர். கட்டணம் அதிகம் தருபவருக்கே முதலிடம். ஏறியதை இறக்க முடியாது. உலகெங்கும் ‘ஃபுல் நோட்’ நடத்துவோர் கூலியின்றி இந்தப் பேரேட்டைச் சரிபார்க்கிறார்கள்.

2017-ல் வந்த ‘செக்விட்’ மாற்றம், கையெழுத்துப் பகுதிக்குக் கால் டிக்கெட் போட்டது. 2021-ல் வந்த ‘டாப்ரூட்’ அங்கே அளவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2023 ஜனவரியில் கேசி ரோடர்மோர் என்பவரின் ‘ஆர்டினல்ஸ்’ வந்ததும், அந்தச் சலுகை இடத்தில் படங்கள் ஏறின. பிப்ரவரியில் ஒரே படம் ஏறக்குறைய 4 எம்.பி. பிளாக் முழுவதையும் அடைத்தது. மே மாத டோக்கன் மோகத்தில் கட்டணம் எகிறி, பணம் அனுப்ப வந்தவர்கள் திண்டாடினார்கள்.

“இது குப்பை, வடிகட்டு” என்பது லூக் டாஷ்ஜர் தரப்பு; அதற்கு அவருடைய ‘நாட்ஸ்’ மென்பொருள் உண்டு. மறுதரப்போ, “வாசலை அடைத்தால் போலி முகவரிக்குள் ஒளித்து வைப்பார்கள், அது செலவழியாத காசுப் பட்டியலில் என்றைக்கும் தங்கிவிடும்” என்கிறது. ‘ஓபி ரிட்டர்ன்’ பகுதியில் போட்டால் அந்தப் பட்டியலில் சேராது. அதனால் 2025 அக்டோபரில் வந்த ‘பிட்காயின் கோர்’ 30-ஆம் பதிப்பு, அங்கே 80 பைட் அளவில் இருந்த வரம்பை 1,00,000 பைட்டாக்கியது.

வடிகட்டியால் முழுப் பலன் உண்டா? கிடையாது. அது என் வீட்டு வாசலைத்தான் காக்கும். மைனரிடம் நேரே கொடுத்தால், விதிப்படி இருக்கும் பிளாக்கை என் கணிப்பொறி ஏற்றே ஆகவேண்டும்.

நானும் ஒரு ஃபுல் நோட் வைத்துப் பார்த்தேன். பேரேடு 600 ஜி.பி.யைத் தாண்டியது, என் பழைய டிஸ்க்கோ 500 ஜி.பி.தான்! சரிபார்த்த பழைய பிளாக்குகளை அழித்துவிடும் ‘புரூனிங்’ வசதியால் தப்பித்தேன். ஆனாலும் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித்தானே ஆகவேண்டும்?

டிக்கெட் துட்டு கண்டக்டருக்கு, சுமை நமக்கு. சின்னக் கணிப்பொறிக்காரர்கள் விலகிவிட்டால், கணக்கைச் சரிபார்ப்பது பெரிய கம்பெனிகள் மட்டும்தான். எது குப்பை என்று சண்டை போடுவதைவிட, நம் வீட்டு மெஷினும் சரிபார்க்கும் அளவில் பேரேடு இருக்கிறதா என்று கேட்பதே முக்கியம் என்பது என் கருத்து. நீங்க என்ன சொல்லுதிய?