இன்சுலின் சைவமா, அசைவமா? ஓர் ஆச்சியின் கேள்வி!

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன். கீழ்த்தட்டில் நேற்று அரைத்த இட்லி மாவு இருக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வீடென்றால் கதவுப்பக்கம் ஒரு இன்சுலின் மருந்தும் இருக்கும். மாவு பொங்கியதும் கிருமியால்தான், அந்த இன்சுலின் உருவானதும் கிருமியால்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர் நம்பவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை, இடது காலில் ஒரு சுண்டு விரல்.

ஆச்சிக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். மாத்திரைக்குக் கட்டுப்படாத நிலை வந்ததும், "இனிமே இன்சுலின்தான் ஆச்சி" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் வாங்கி வந்து வைத்தார். ஆச்சி தொடவே இல்லை.

"பன்னியிலேருந்து எடுக்கிறதுன்னு ஒருத்தர் சொல்றாரு. இல்லையில்லை, கிருமியிலேருந்துங்கிறாரு இன்னொருத்தர். எதுவா இருந்தா என்ன, எனக்கு வேணாம். விரதம் இருக்கிற உடம்பு."

கூடவே, 'ஒரு தடவை ஊசி போட்டா அதுக்கு அடிமையாயிடுவோம்' என்று பக்கத்து வீட்டு உபதேசம் வேறு. (உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காதபோது வெளியிலிருந்து கொடுக்கிறோம். பசிக்குச் சோறு சாப்பிடுகிறவரைச் சோற்றுக்கு அடிமை என்றா சொல்வோம்?) மூன்று மாதம் இப்படியே ஓடியது. செருப்புக் கடித்த சின்னப் புண். மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இதில் ஆச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. 'இது எதிலிருந்து வருகிறது?' கடையில் புளி வாங்கும்போதுகூடக் கேட்கிற கேள்விதானே? அதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

பன்றியா, கிருமியா?

ஆச்சியிடம் சொன்ன இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் பழைய கதையைச் சொன்னார், இன்னொருவர் புதிய கதையை!

1921-ல் கனடாவின் டொரண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். அதன்பின் அறுபது வருஷம், கசாப்புக் கூடங்களில் கழித்துப் போடும் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலினைப் பிழிந்து எடுத்தார்கள். சில நூறு கிராம் மருந்துக்கு டன் கணக்கில் கணையம் வேண்டும்.

இன்சுலின் என்பது 51 மணிகள் கோத்த ஒரு மாலை மாதிரி. ஒரு சரத்தில் 21 மணி, இன்னொன்றில் 30. பன்றியின் மாலைக்கும் மனிதனின் மாலைக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று மணி. அந்தச் சின்ன வித்தியாசமே சிலருக்கு அலர்ஜியைக் கிளப்பியது.

1978-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு வேலை செய்தார்கள். இந்த மாலையை எப்படிக் கோப்பது என்ற குறிப்பு நம் ஜீனில் இருக்கிறதல்லவா? அந்தக் குறிப்பை எந்த மனிதர் உடம்பிலிருந்தும் எடுக்காமல், ரசாயன எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புதிதாகவே 'எழுதினார்கள்'. எழுதியதை ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தீங்கற்ற ஆய்வக வகைக்குள் வைத்தார்கள். அது வளர்ந்து பெருகும்போது, கொடுத்த குறிப்பைப் படித்து மனித இன்சுலினைச் செய்து கொடுத்தது. 1982-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்து, மருந்து கடைக்கு வந்தது. 2003, 2004 வாக்கில் இந்தியக் கம்பெனிகளே இப்படித் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. சில கம்பெனிகள் பாக்டீரியாவுக்குப் பதில் ஈஸ்ட்டை வைத்துச் செய்கின்றன.

ஜீனை எழுதலாம் என்று உலகத்துக்கு முதலில் செய்து காட்டியவர் யார் தெரியுமா? பிரிக்கப்படாத பஞ்சாபில், ராய்ப்பூர் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்த ஹர்கோபிந்த் கொரானா. 1968-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1970-ல் ஒரு முழு ஜீனை ரசாயன முறையில் செய்து முடித்துவிட்டதாக அறிவித்தார்.

ஆஸ்பத்திரியில் ஆச்சிக்கு விளங்க வைத்தது இந்த வரலாறு எதுவும் இல்லை. கட்டு மாற்ற வந்த நர்ஸ் பெண்தான்.

"ஆச்சி, பாலுக்கு உறை ஊத்துறீங்க. ராத்திரியெல்லாம் யாரு தயிராக்குறா?"

"மோருதான்."

"மோருக்குள்ள இருக்கிற கிருமி ஆச்சி. அந்த மாதிரி ஒரு கிருமிக்கு வேலை சொல்லிக் கொடுத்து இதைச் செய்ய வைக்கிறாங்க. தயிருல கிருமியையும் சேர்த்துத்தான் சாப்பிடுறோம். இதுல அதுகூட இல்லை. கிருமியைக் கழிச்சுட்டு மருந்தை மட்டும் சுத்தம் பண்ணி எடுத்துடுவாங்க."

"அப்ப பன்னி இல்லையே?"

"இல்லவே இல்லை ஆச்சி."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல ஆத்தா..."

'செயற்கை' என்றால் கெட்டதா?

கிருமிக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுப்பது மரபணுப் பொறியியல். ஒன்றல்ல, பத்து வேலைகளை வரிசையாகத் திட்டம் போட்டுக் கொடுத்து, புதிதாகவே ஒன்றைக் கட்டி எழுப்புவதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சிந்தெடிக் பயாலஜி. தமிழில் 'செயற்கை உயிரியல்' என்கிறார்கள். சிலர் 'தொகுப்பு உயிரியல்' என்கிறார்கள்.

இங்கேதான் முதல் வம்பு. நம் வீடுகளில் 'செயற்கை' என்றால் என்ன அர்த்தம்? கலர் போட்ட மிட்டாய், கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம்! அந்த வார்த்தையைக் கேட்டதுமே கதவைச் சாத்திவிடுகிறோம். 'தொகுப்பு' என்றாலோ டி.வி. தொகுப்பாளினி ஞாபகம்தான் வருகிறது. என்னைக் கேட்டால், செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வீட்டைக் காட்டினால் போதும்.

பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பக்கத்து ஆத்தங்குடியிலிருந்து பூக்கல். எங்கெங்கோ விளைந்ததைக் கொண்டு வந்து, கணக்குப் போட்டு, ஒரு வளவு வீடாக நிறுத்தவில்லையா நம் முன்னோர்கள்? அதே மாதிரி, ஒரு செடியிலிருந்து ஒரு ஜீன், இன்னொரு உயிரிலிருந்து ஒரு ஜீன் என்று சேர்த்து ஓர் ஈஸ்ட் செல்லுக்குள் குடிவைக்கிறார்கள். இந்தத் துறைக்காரர்களே அந்தத் துண்டுகளுக்கு 'உயிர்ச் செங்கல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படிக் கட்டியதில் பேர் பெற்றது மலேரியா மருந்து. ஆர்ட்டிமிசினின் என்ற இந்த மருந்து, மாசிபத்திரியின் உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து வருவது. சீனாவின் தூ யூயூ அம்மையார் கண்டுபிடித்து 2015-ல் நோபல் பரிசு வாங்கினார். செடி ஒரு வருஷம் அதிகம் விளையும், மறு வருஷம் காலை வாரும். மருந்து விலையும் ஊஞ்சலாடும். அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங்கின் குழு அந்தச் செடியின் ஜீன்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, மருந்துக்கு முந்தைய கட்டப் பொருளைச் செய்ய வைத்தது. 2013-ல் ஒரு பெரிய பிரெஞ்சுக் கம்பெனி தொழிற்சாலை அளவில் தயாரிப்பைத் தொடங்கியது.

அப்புறம்? நினைத்தபடி நடக்கவில்லை. செடியிலிருந்து வந்த சரக்கே மலிந்துவிட, ஈஸ்ட் மருந்து விலையில் போட்டி போட முடியாமல், இரண்டு மூன்று வருஷத்தில் கம்பெனி அந்த ஆலையைக் கைமாற்றிவிட்டது. இன்னொரு பக்கம், சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தச் செடியை நம்பிப் பயிரிட்ட சின்ன விவசாயிகள், 'நாளைக்கு எங்கள் கதி என்ன?' என்று கலங்கிப் போனார்கள். அது வெறும் பயமில்லை. பக்கத்து ராமநாதபுரத்து முண்டு மிளகாயின் காரத்தை நாளைக்கு ஒரு தொட்டியில் ஈஸ்ட் செய்து கொடுத்தால், மிளகாய்க்காரர் என்ன செய்வார்? மருந்து நல்லதா என்பதோடு, யார் கை ஓங்கும், யார் அடுப்பு அணையும் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

மண்வாசனையும் கிருமிதான்!

பயமுறுத்துகிற மாதிரி ஆகிவிட்டதோ? ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். கோடை வெயிலில் காய்ந்து கிடக்கும் நம் செம்மண்ணில் முதல் தூறல் விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புமே... அது மண்ணின் வாசனை இல்லை. மண்ணில் வாழும் பாக்டீரியா செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. 2009-ல் பெங்களூரைச் சேர்ந்த மாணவர் குழு ஒன்று, அந்த மண்வாசனையை ஆய்வகப் பாக்டீரியாவிலிருந்து வரவைக்கும் வேலையில் இறங்கியது. அவர்கள் அறிவியல் மாணவர்கள்கூட இல்லை, கலை, டிசைன் படித்தவர்கள்!

அவர்கள் கலந்துகொண்டது 'ஐஜெம்' என்ற உலகப் போட்டி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 2003-ல் ஒரு வகுப்பாகத் தொடங்கி, 2004-ல் போட்டியாக வளர்ந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பரிசோதனை மட்டும் செய்தால் போதாது. மக்களிடம் போய்ப் பேசி, அவர்கள் சொன்னதைக் கேட்டு, அதனால் தங்கள் வேலை எப்படி மாறியது என்றும் காட்ட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் இந்தத் துறையை இந்திய மொழிகளில் விளக்கும் வீடியோக்களைக்கூடச் செய்தார்கள்.

வீடியோ நல்லதுதான். ஆனால் ஆச்சி வீடியோ பார்த்துத் தெளியவில்லையே? எதிரே உட்கார்ந்து, "உறை மோர்" என்று ஆரம்பித்த பெண்ணிடம்தானே தெளிந்தார்.

யார் வந்து பேசுவது?

மக்களைக் கேட்காமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பாக்டீரியா ஜீன் சேர்த்த பி.டி. கத்திரிக்காய். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. நிபுணர் குழு சரி என்ற பிறகுதான், 2010 ஜனவரி, பிப்ரவரியில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். விவசாயி, டாக்டர், குடும்பத்தலைவி, விஞ்ஞானி எல்லோரும் சத்தமாகவே பேசினார்கள். பிப்ரவரி 9-ம் தேதி நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டார். முடிவு சரியா, தவறா என்று இன்றும் சண்டை நடக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. எல்லாம் செய்து முடித்துவிட்டு கடைசியில் 'என்ன சொல்றீங்க?' என்று கேட்டால், ஜனங்கள் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஏழு ஊர்ப் பட்டியலில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை என்பதில் எனக்கு இன்னமும் வருத்தம்.

செட்டிநாட்டில் இதைச் சரியாகச் செய்ய எல்லாமே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது காரைக்குடி 'செக்ரி' ஆய்வுக்கூடம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையே இருக்கிறது. பக்கத்து புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். வீதி நாடகமும் பாட்டுமாகத்தானே அது ஊர் ஊராகப் போயிற்று?

இன்றைக்கு வீடு வீடாகப் போகிற பெண்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டு வரும் அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதுமே. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகூட ஈஸ்ட்டில் செய்ததுதான் என்று திண்ணையிலேயே சொல்லிவிடுவார்கள். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி 1997-ல் அதை நம் நாட்டிலேயே செய்ததால்தான் விலை மளமளவென்று இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். டாக்டரிடம் புது மருந்து எழுதி வாங்கும்போது, 'இது எதிலிருந்து செய்தது?' என்று தைரியமாகக் கேளுங்கள். பதில் புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். கேட்காமல் பயந்துகொண்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. திறக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃப்ரீஸரில் வைத்து உறைந்துபோனதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. திறந்தது பொதுவாக நாலு வாரம்தான் தாங்கும், பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீடென்றால், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் டப்பாவில் போட்டு வைக்கலாம்.

ஆச்சி இப்போது தினமும் தானே ஊசி போட்டுக்கொள்கிறார். போன வாரம் பார்க்கப் போனேன். இன்சுலின் கதையைக் கேட்டார். சொன்னேன். கண்டுபிடித்தவர்கள் 1923-ல் அந்த உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்ததைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு டாலரா? கிருமிக்குக் கூலியும் கிடையாது, சோறும் கொஞ்சம்தான் தின்னும். அப்புறம் ஏன் மகள் இதை வாங்க இவ்வளவு பணம் கொடுக்குறா?"

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்களே ஆச்சி என்றேன்.

"அது தெரியும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."