சக்கரத்துக்கு எந்த கிரீஸ்?



நம்ம நாமக்கல்லில் லாரியைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், டிரெய்லர் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. ஆனா அந்தச் சக்கரத்துக்குள்ளே இருக்கும் பேரிங்குக்கு எந்த கிரீஸ் போடணும்னு கேட்டா, "நல்லா சிவப்பா இருக்குமே, அது!" என்போம். நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்கக் கூடாது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் கம்பெனிக்காரர் கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு வகை கிரீஸ் இருக்கலாம்.

பேரிங் படும் பாடு

சைக்கிள் பேரிங்கில் இருப்பது குண்டு. லாரிச் சக்கரத்தில் இருப்பது ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்த உருளைகள். இதற்கு டேப்பர் ரோலர் பேரிங் என்று பெயர். அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் 1898-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து வரும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்துத் தாங்கும்.

நான்கு டயர் உள்ள பின் அச்சு 11.5 டன் வரை தாங்கலாம் என்று 2018-ல் அரசு உயர்த்தியது. அப்படியென்றால் ஒரு பக்கத்து ஹப்புக்கு ஐந்தே முக்கால் டன்! டயரின் சுற்றளவு சுமார் 3.3 மீட்டர். 400 கிலோமீட்டர் போனால் சக்கரம் ஏறக்குறைய 1,20,000 தடவை சுற்றும். இவ்வளவுக்கும் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

கிரீஸ் என்றால் என்ன?

கிரீஸில் பெரும்பகுதி எண்ணெய். அதைப் பிடித்து வைத்திருப்பது சோப்பு! ஆமாம், வேதியியலில் படிக்கிறோமே, கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்தால் வருமே, அதேதான். பஞ்சு தண்ணீரைப் பிடித்திருப்பது போல சோப்பு எண்ணெயைப் பிடித்திருக்கும். தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அந்தக் காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். இன்று அதிகம் விற்கும் லித்தியம் கிரீஸின் சோப்புக்கும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கும் அமிலம்தான் முக்கியம். வண்டி மாறினாலும் ஆமணக்கு மாறலை!

ஐந்து கேள்விகள்

1. சூடு தாங்குமா? பிரேக் டிரம் ஹப்போடு சேர்ந்தே இருக்கிறது. தொப்பூர் கணவாயில் பாரத்தோடு பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கினால், அந்தச் சூடு பேரிங்குக்கும் வரும். சாதாரண கால்சியம் கிரீஸ் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே உருகிச் சொட்டும். லித்தியம் கிரீஸ் சொட்ட 180 டிகிரிக்கு மேல் ஆகணும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகைக்கு 250-ஐத் தாண்டணும். (அதுக்காக அந்தச் சூடு வரைக்கும் ஓட்டலாம்னு அர்த்தமில்லை. பாதுகாப்பான எல்லை அதற்கும் நல்லா கீழே இருக்கு.) உருகிய கிரீஸ் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் வழுக்கும்.

2. கெட்டி எவ்வளவு? டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 அல்லது 3 என்று இருக்கும். எண் ஏற ஏற கெட்டி. ஒரு கூம்பை 25 டிகிரி சூட்டில் உள்ள கிரீஸில் இறக்கி, 5 விநாடியில் எவ்வளவு ஆழம் போகுதுன்னு அளப்பார்கள். 2-ஆம் எண்ணில் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர், 3-ஆம் எண்ணில் 22 முதல் 25 மில்லிமீட்டர். சக்கர பேரிங்குக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

3. பாரம் தாங்குமா? "இ.பி." என்று போட்டிருந்தால், அதிக அழுத்தத்திலும் இரும்பைக் காக்கும் கந்தகம், பாஸ்பரஸ் போன்ற சேர்மங்கள் கலந்திருக்கு.

4. தண்ணீர் தாங்குமா? சோடியம் கிரீஸ் தண்ணீரில் கரையும். மழையில் ஓடும் வண்டிக்கு ஆகாது.

5. ஏற்கனவே உள்ளே இருப்பது எது? இதைத்தான் பலரும் கேட்பதில்லை. லித்தியத்தோடு களிமண் வகை கிரீஸைக் கலந்தால், இரண்டும் நல்ல சரக்காக இருந்தாலும், கலவை இளகி ஓடிவிடலாம். அதனால் வகை மாறினால் பழசை முழுக்கத் துடைத்துக் கழுவி, உலர்த்திவிட்டுத்தான் புதுசு போடணும்.

கிராஃபைட் கிரீஸ் பட்டைகளுக்கு நல்லது. அதையே சக்கர பேரிங்கில் அப்பக் கூடாது.

நிறைய போட்டா நல்லதுதானே?

இல்லை! பேரிங்கின் உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் முழுசா ஏறணும். ஆனா ஹப்பின் காலி இடத்தை அடைத்து நிரப்பக் கூடாது. மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். அதிகமானால் கிரீஸே கடைபட்டுச் சூடாகும். மூடாத டப்பாவில் விழுந்த மணல், பேரிங்குக்கு உப்புத்தாள் மாதிரி. புது லாரிகள் சிலவற்றில் சீல் வைத்த பேரிங் இருக்கும். சிலவற்றில் எண்ணெயே ஹப்புக்கு வரும். அவற்றில் கிரீஸ் திணிக்கக் கூடாது.

எதற்கு இவ்வளவு கவனம்?

கிரீஸ் தோற்றால் உருளை தேயும், பேரிங் இறுகும், ஹப் கொதிக்கும். டயர் தீப்பிடிக்கலாம், சக்கரமே கழன்று ஓடலாம். பின்னால் பைக்கில் வருபவரை யோசியுங்கள். கேஸ் டேங்கராக இருந்தால்? அனுபவமுள்ள டிரைவர் டீக்கடையில் நிறுத்தியதும் ஒவ்வொரு ஹப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்ப்பார். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால் அது எச்சரிக்கை. பேரிங்கோ பிரேக்கோ, பார்க்காமல் வண்டி எடுக்கக் கூடாது.

வீட்டில் லாரி இருப்பவர்கள், பட்டறையில் அப்பா அண்ணன் வேலை செய்பவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த கிரீஸ்னு போட்டிருக்குன்னு பாருங்கள். பிறகு டப்பாவைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டும் ஒன்றா?

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு