ஏலகிரியின் குட்டை ஆறு

ஆலங்காயத்துக்கு மேற்கே, சமவெளிக்கு நடுவே தீவுபோல நிற்கிறது ஏலகிரி. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் பிறக்கும் அட்டாறு, கொஞ்ச தூரம் ஓடியதுமே மலைவிளிம்பை அடைந்து, ஜலகாம்பாறை அருவியாகத் திருப்பத்தூர் பக்கம் இறங்குகிறது. ஏலகிரியின் உடல் சயனைட் என்னும் கெட்டியான பாறை. பூமிக்கு அடியில் குழம்பாக இருந்து மெல்ல இறுகியது. அது தண்ணீரை உறிஞ்சாது. விரிசல்களில்தான் கொஞ்சம் தேங்கும். ஆகவே மழை நின்ற பிறகும் அருவி எத்தனை நாள் விழும் என்பதைப் பாறையின் மேலிருக்கும் மண்ணும் மரங்களின் வேரும்தான் முடிவுசெய்கின்றன.

மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றாற்றுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்கலாம். இந்த வட்டாரத்தின் பெரிய ஆறான பாலாறே ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. இங்கே விவசாயம் நடப்பது ஏரியையும் கிணற்றையும் நம்பி. அவற்றை நிரப்புபவை இத்தகைய மலை ஓடைகளே. அடிவாரத்தில் தடுப்பணை கட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. தடுப்பணை அவசியம்தான், ஆனால் மேலே காடு அழிந்தால் மழையோடு மண்ணும் அரித்து வந்து அணையைத் தூர்த்துவிடும். மலைமேல் சாலையோ விடுதியோ வரும்போது, ஓடைக்கரைக் காட்டை முதலில் காப்பாற்றுங்கள். கீழேயுள்ள கிணறுகளுக்கு அதுவே காப்பு.