கோப்பியிலையில் பங்கசை ஆராய்ந்த அறிஞர்

மலைநாட்டில் இன்று தேயிலை நிற்கும் நிலங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் கோப்பியே நின்றது. 1869 ஆம் ஆண்டில் அக்கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து சென்ற மாதிரிகளை ஆராய்ந்த பேர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர், அது ஒரு புதிய பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். நம்மவர் பூஞ்சணம் என்பதும் பங்கசே, காளானும் அவ்வினத்ததே. பெயரிட்டதனால் நோய் நின்றுவிடவில்லை. இலைகள் உதிர்ந்தன, விளைவு ஆண்டுதோறும் குறைந்தது.

1880 ஆம் ஆண்டில் ஹரி மாஷல் உவாட் என்பவர் இந்நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கேம்பிறிட்ச்சில் கற்ற அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 25. நோய் மண்ணிலிருந்து வேர்வழி ஏறுகின்றதென்றும், மரத்தின் தளர்ச்சியே காரணமென்றும் பலர் பலவாறு கூறினர். உவாட் வாதத்தில் இறங்கவில்லை. ஒட்டுந்தன்மையுள்ள பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களிற் தொங்கவிட்டார். காற்றில் வந்த பங்கசு வித்திகள் அவற்றில் ஒட்டின. நலமான இலையில் நீர்த்துளியிட்டு, அதில் வித்திகளை வைத்துப் பார்த்தார். ஈரத்தில் வித்தி முளைத்து, நுண்ணிய இழையாக நீண்டு, இலைவாய் வழியே உட்புகுந்தது. இரண்டு மூன்று கிழமைகள் சென்றபின்னரே புள்ளி வெளியே தோன்றியது. கண்ணுக்குப் புள்ளி தெரியும்போது பகைவன் வீட்டினுள் குடியிருந்து நாட்பல ஆகிவிட்டன என்பதே இதன் பொருள்.

ஆகவே, மருந்து பயன்படவேண்டுமாயின் வித்தி முளைக்குமுன் அது இலைமேல் இருத்தல் வேண்டும். மலைக்குமலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதும் வித்திகளுக்கு வழி திறந்துவிட்டதென உவாட் எழுதினார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது கைகண்ட மருந்தொன்றையே. அவரிடம் அது இல்லை. 1882 இல் அவர் நாடு திரும்பினார். துருசும் சுண்ணாம்பும் கலந்த போடோக் கலவையைப் பற்றிப் பிரான்சு தேசத்து மிலாடே வெளியிட்டது 1885 இல். இலங்கைக் கோப்பிக்கு அது காலங்கடந்து வந்த உதவி.

உவாட் பின்னர் கேம்பிறிட்ச்சில் தாவரவியற் பேராசிரியரானார். மரங்களின் நோய்களையும் பயிர்நோய்களையும் பொதுமக்கள் படித்தறியும் வண்ணம் நூல்கள் எழுதினார். 1906 இல், 52 ஆம் வயதில் காலமானார்.

நெல்லில் வரும் எரிபந்தமும் காற்றில் பரவுவதே. அதன் வித்தி இலைவாயைத் தேடுவதில்லை. இலைத்தோலைத் துளைத்தே புகும். ஆயினும் ஈரம் அதற்கும் வேண்டும். மார்கழி, தை மாதப் பனி இரவு முழுதும் இலையில் நிற்கும்போது அது முளைக்கின்றது. ஐந்தாறு நாட்களில், நடுவே சாம்பல்நிறமும் ஓரத்தில் கபிலநிறமுங் கொண்ட கண்வடிவப் புள்ளிகள் தோன்றும். யூரியாவை மிகுதியாக இட்ட வயலிற் தீங்கு பெரிது. உரத்தைப் பகுதி பகுதியாக இடுக. கதிர் வெளிவரும் பருவத்திற்கு முன்பே வயலைச் சுற்றிப் பார்த்து, புள்ளி சில கண்டாலும் விவசாயப் போதனாசிரியரிடம் இலையுடன் செல்க. கதிர்க்கழுத்து கறுத்தபின் தெளிப்பது வீண்செலவு.

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தூவல்முறையில் நீர் விடுவோர், மாலையில் விடாது காலையில் விடுவாராயின் இலைகள் வெயிலில் உலர்ந்துவிடும். நாற்றுமேடையில் விதையை நெருக்கி இடுவதும் பூஞ்சணத்துக்கு வழிவிடுவதே. வரிசையாகவும் ஐதாகவும் இடுக.